பிடி விட்ட செல்கள்

"செல் எல்லாம் பிடி விட்டுடுச்சு மேடம். தட்டுல ஒண்ணும் ஒட்டியில்லை," என்றார் காசிலிங்கம்.

அந்த ஆய்வகத்தில் தலை நரைத்த மாணவர் அவர் ஒருவர்தான். மனைவி செண்பகத்தின் புற்று நுரையீரலுக்குப் பரவியதும், கல்லூரி வேலையை உதறிவிட்டு, தன்னைவிட இளையவரான நஸ்ரீனிடம் படிக்க வந்தவர். தட்டில் இருந்தவை செண்பகத்தின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள்.

செல்லின் மேல் ஓர் ஏற்பி உண்டு, கை மாதிரி. அதனால் பற்றிக்கொண்டுதான் ஒவ்வொரு செல்லும் அதனதன் இடத்தில் இருக்கிறது. புற்றும் அதே கையால்தான் போன இடத்தில் ஊன்றிக்கொள்கிறது. அந்தக் கையைக் கட்டிப்போட ஒரு மருந்து; அதைத்தான் இந்தத் தட்டில் விட்டிருந்தார். காசிலிங்கத்துக்கு வேறு நினைப்பே இல்லை.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க மேடம். அவளுக்கு நாள் இல்லை."

"மிதக்கிறதை என்ன செய்வீங்க சார்?"

"உறிஞ்சிக் கொட்டிடுவேன். செத்ததுதானே."

"பார்த்தீங்களா?"

பார்த்ததில்லை. தட்டைக் கழுவிவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் எண்ணுவார்.

"இன்னைக்குக் கொட்ட வேண்டாம்."

நஸ்ரீன் இன்னொரு தட்டு எடுத்தார். நோயில்லாத செல்கள். அதிலும் அதே மருந்தை விட்டார். கொஞ்ச நேரத்தில் அவையும் பிடி விட்டு மிதந்தன. இரண்டு தட்டையும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்தார். செத்த செல்லுக்குள் சாயம் இறங்கும். உயிருள்ளதில் இறங்காது.

காசிலிங்கம் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். நல்ல செல்கள் அத்தனையும் நீலம்.

அடுத்தது செண்பகத்தினுடையது. கொத்துக் கொத்தாக, கழுவி வைத்த கண்ணாடி மணிபோலத் தெளிவாக இருந்தன.

"இதுல சாயம் போட மறந்துட்டீங்க போல."

"நீங்களே போடுங்க."

போட்டார். பார்த்தார். இன்னொரு முறையும் போட்டார். நீலம் ஏறவே இல்லை.

"மருந்து கழிஞ்சா மறுபடி ஒட்டிக்குமா?"

"எங்க வேணும்னாலும்."

"அப்போ நல்லதை மட்டும் மருந்து கொன்னுடுச்சா?"

"மருந்து யாரையும் கொல்லலை சார். ரெண்டோட கையையும் கட்டிப்போட்டுது, அவ்வளவுதான். நல்லது தானா செத்துச்சு."

"அது ஏன் மேடம் சாகணும்?"

நஸ்ரீன் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"அதுக்குத் தனியா இருக்கத் தெரியாது சார்."

செண்பகம் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் தொடங்கியிருந்தது. காசிலிங்கம் இருண்ட நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.