நொடித்தவர் விற்ற விமானம்

"அவ ஏற மாட்டேங்கறாளுங்க சாமி."

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தவர் நாச்சிமுத்து, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். கேட்டவர் கரட்டுச் சாமி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவர் குரு, ஒருவர் சீடர், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எதுல ஏற மாட்டேங்கறா?"

"பிளேன்லங்க."

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"பிளேனையே எடுக்கலாம்னு இருக்கறேனுங்க."

சாமி சிரித்துவிட்டார். சொல்கிற எனக்கே சிரிப்பு வருகிறது, அவருக்கு வராதா?

ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, விமானம் மாறி மாறி அலையக் கூடாது. மகளோ அயர்லாந்தில். அங்கே பிறந்த பேத்தியை அந்த அம்மாள் இன்னும் மடியில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஓடுன பிளேன் ஒண்ணு வெலைக்கு வந்திருக்குதுங்க."

"புதுசா வாங்கறதுதானே?"

"வரிசைல நிக்கோணுமுங்க. அது வர்றதுக்குள்ள பேத்தி பள்ளிக்கூடம் போயிருவா. இது ஓடுனதுதான், ஆனா எஞ்சினீருங்க பிரிச்சு மேஞ்சு பாத்துட்டாங்க, ஒரு குறையும் இல்ல. உள்ள எந்திரிச்சு நடக்கலாம். சோபாவ இழுத்தாக் கட்டிலாயிரும். எங்கயும் நிக்காமப் போயிருமுங்க."

"மகளைப் பாக்கறதுக்கா, ஊரு உன்னயப் பாக்கறதுக்கா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

"சரி. அவளுக்கு என்னவாம்?"

"முந்தி வெச்சிருந்தவரு நொடிச்சுப் போயித்தான் விக்கறாருங்க. அந்த வீட்டு வயித்தெரிச்சல் அதுல ஒட்டிக் கெடக்கும், நமக்கு ஆகாதுங்கறா. பேத்திய நெனச்சு அழுகறா, ஆனா ஏற மாட்டேங்கறா. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லோணும், இல்லீன்னா வேற ஆளுக்குப் போயிரும். நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாளுங்க."

"நான் சொல்ல மாட்டேன். வண்டிய எடு."

கோவை விமான நிலையத்தின் ஓரமாக அந்த விமானம் நின்றிருந்தது. வழியில் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த பூவாத்தாள் காரை விட்டு இறங்கினார். விமானத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

சாமி மட்டும் படியேறி உள்ளே போனார்.

மந்திரம் சொல்லுவார், தண்ணீர் தெளிப்பார் என்று கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. நாச்சிமுத்து படியேறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன பண்றாருங்க?"

"கட்டில்ல படுத்துத் தூங்கறாரு."

"பூஜை?"

"கொறட்டைதான் கேக்குது."

வெயில் உச்சிக்கு வந்தது. சாமி வரவில்லை.

பூவாத்தாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாமிக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டதோடு சரி, ஒரு வாய் சாப்பிடவில்லை. அவருக்காகக் கொண்டுவந்த சோறு தூக்குப் போசியில் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, போய் எழுப்புங்க."

"குருவ எப்படி எழுப்பறது? தப்பாச்சே."

"இன்னொருக்கா போய்ப் பாருங்க, அப்ப."

"பாத்தேனே. நல்லாத்தான் தூங்கறாரு."

"தூங்கறாரா, மயங்கிக் கெடக்கறாரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல சீடன் போங்க."

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. போசியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். பின்னாலேயே நாச்சிமுத்து ஓடினார்.

"சாமி. சாமி, எந்திரிங்க. சாப்புட்டுட்டுத் தூங்குங்க."

சாமி கண்ணைத் திறந்தார். பூவாத்தாளைப் பார்த்தார். வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நாச்சிமுத்துவையும் பார்த்தார்.

"ஏனம்மிணி, எந்தக் கால வெச்சு உள்ள வந்தே?"

பூவாத்தாள் திரும்பி வாசலைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"கவனிக்கலீங்களே சாமி."

சாமி எழுந்து கட்டிலைக் காலி பண்ணினார்.

"போசியக் குடு," என்றார். "நீ படு."