பயறு கேட்ட தன்னானே

அந்தக் காலத்தில் பயறுக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. மனுசர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பிடித்தால் பதில் சொல்லும், பிடிக்காவிட்டால் மண்ணுக்குள் புரண்டு படுத்துக்கொள்ளும். அதனால் ஓணாங்குளத்தில் முளைப்பாரி போட்டால், பாடித்தான் பயறை எழுப்ப வேண்டும். உடைந்த பானை ஓட்டில் குளத்துக் கரம்பை மண்ணையும் காய்ந்த சாணித்தூளையும் பரப்பி, பயறைத் தூவி, வெயில் எட்டாத அறையில் வைத்துவிட்டுப் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். பாட்டு மனசுக்குப் பிடித்தால் முளை எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால், "நாளைக்குப் பாப்போம்" என்று தூங்கிவிடும்.

ஊரில் பாட்டுக்காரி என்றால் ஆவுடைதான். அவள் பாட்டு அவளே கட்டியது. குளத்துக்குப் போகும்போது ஒரு சொல், குடத்தோடு திரும்பும்போது ஒரு சொல் என்று கோத்தது. "தண்ணீரே தாயாரே" என்று தொடங்கும். அந்த எடுப்பு மட்டும்தான் நமக்கு எட்டியிருக்கிறது. மீதி ஏன் எட்டவில்லை என்பதுதான் கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் பாட்டு கேட்டால் மட்டும் ஒட்டாது. நூறு தரம் கேட்டாலும் நூறு தரமும் மறந்துபோகும். பாடுகிறவள் எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்து, "சொல்லு" என்று கொடுத்தால்தான் மற்றவள் நாக்கில் அது உட்காரும்.

ஆவுடையின் நாத்தனார் மாடத்தி அக்கரைப்பட்டியில் வாக்கப்பட்டவள். கோயில் கொடைக்கு வந்தபோது, "மதினி, எனக்கும் குடுங்க" என்று கெஞ்சிப் பாட்டில் இரண்டு அடி வாங்கிக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்து வளையல்காரர் ஓணாங்குளத்துக்கு வந்தார். ஆவுடை கையில் வளையலை ஏற்றிக்கொண்டே, "உங்க மாமியா பலே ஆளுதான் தாயி. அவங்க கட்டின தண்ணிப் பாட்டைத்தான் அக்கரைப்பட்டியே பாடுது" என்றார்.

ஆவுடை கையை வெடுக்கென்று இழுத்ததில் வளையல் உடைந்தது. அவள் மாமியார், அதாவது மாடத்தியின் அம்மா, தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்து அழும். அவளா கட்டினாள்?

"இனிமே என் பாட்டிலே ஒரு சொல்லை எவளுக்காவது குடுத்தேன்னா, என் நாக்குக் கட்டிக்கிடட்டும்!" என்று தரையில் மூன்று தரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள்.

மண் அதைக் கேட்டு "ஊம்" என்றது. அந்தக் காலத்து மண் ஊம் கொட்டினால் கொட்டினதுதான்.

அதற்கப்புறம் ஆவுடை நடுவில் நின்று தனியாகப் பாடுவாள். மற்றவர்கள் கை மட்டும் கொட்டுவார்கள். "கையை மட்டும் கடன் குடுக்க வந்திருக்கோம்" என்று பக்கத்து வீட்டுச் சுடலி முனகுவாள். இருந்தாலும் பயறு எழுந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பிறகு இரண்டு வருசம் வானம் ஏமாற்றியது. விதைக்கு வைத்திருந்ததையும் ஊர் தின்றது. ஆளுக்கு ஒரு படிப் பயறு மிஞ்சியிருந்தது. அதில் கைப்பிடி எடுத்து முளைப்பாரி போட்டுப் பார்ப்பது, எழுந்தால் மிச்சத்தை விதைப்பது, எழாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்புவது என்று முடிவானது. கெடு ஒன்பது நாள். இருபத்தொரு வீட்டுக்கு இருபத்தொரு ஓடு. எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை.

நாலாம் நாள் ஆவுடைக்குக் குரல் கம்மியது. ஐந்தாம் நாள் காற்றுத்தான் வந்தது.

"வாசல்ல யாரு மரம் அறுக்கது?" என்றது தட்டாம்பயறு.

"மரம் இல்ல. நம்ம ஆவுடை பாடுதா" என்றது பாசிப்பயறு.

"அப்பம் நான் கொஞ்சம் கண்ணசருதேன்."

ஆறாம் நாள் ஆவுடை ஒரு ஓட்டில் நகத்தால் மண்ணை விலக்கிப் பார்த்தாள். பயறு ஊதி, தோல் கொழகொழவென்று இருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். மூடிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நிலைப்படியில் மாடத்தி வந்து நின்றாள். அக்கரைப்பட்டியிலிருந்து வெயிலில் நடந்து வந்த முகம்.

"மதினி, உள்ள வரலாமா?"

"திருடி எப்பம்ளா கேட்டுக்கிட்டு வந்தா?"

"என்ன சொன்னிய? காத்து மாதிரி வருது, ஒண்ணும் கேக்கல."

கும்மிக்கு மற்றப் பெண்களோடு நின்ற சுடலி சத்தமாக எடுத்துச் சொன்னாள். "திருடின்னு சொல்லுதா!"

மாடத்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "திருடிதான். வாக்கப்பட்டுப் போன புதுசுல எங்க மாமியா, 'உங்க வீட்டுல பாடத் தெரிஞ்ச பொம்பளை உண்டா'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டா. மதினின்னு சொன்னா, 'அவ வந்தவதானே, உன் ரத்தமா'ன்னு சிரிப்பா. வாயில அம்மா பேரு வந்துட்டு மதினி. ரெண்டு அடிதான் தெரியும், அதையே திருப்பித் திருப்பிப் பாடுனேன். இப்பம் எங்க ஊர்ப் பயறும் 'கேட்டாச்சு, கேட்டாச்சு'ன்னு எந்திரிக்க மாட்டேங்கு. மிச்சத்தையும் குடுங்க மதினி."

ஆவுடை அவளைப் பார்த்தாள். பிறகு வரிசையாக இருந்த ஓடுகளைப் பார்த்தாள். பாட்டை இன்னொருத்திக்குக் கொடுத்தால் இவை பிழைக்கும். ஆனால் நாக்குக் கட்டிக்கொண்டால் இனி பாட முடியாது. ஆட்டை அதட்ட முடியாது. இந்த மாடத்தியைத் திட்டக்கூட முடியாது. அது ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

எதிரே உட்கார்ந்து மாடத்தியின் கையைப் பிடித்தாள்.

"சொல்லு."

"யக்கா, வேண்டாம்! சத்தியம்!" என்று சுடலி அலறினாள்.

ஆவுடை வாயைத் திறந்தாள். "தண்..." என்றதும் நாக்கு மேலண்ணத்தில் பசைபோல ஒட்டிக்கொண்டது. மண்ணுக்குள் "ஊம்" என்று கேட்டது. அவள் விடவில்லை, கையைக் கொட்டினாள். சத்தியம் கட்டியது சொல்லைத்தான். கை ஆடியது, மெட்டு தொண்டைக்குள் ஏறி இறங்கியது. ஒட்டிய நாக்கை உரித்து உரித்து எடுத்தாள். வெளியே வந்தது இதுதான்:

"தன்... னானே... தா... னானே..."

மாடத்தி விழித்தாள். ஆனால் மதினி சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று வந்தவள் அல்லவா? எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "தன்னானே தானானே."

அது அவள் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. சுடலி சொல்லிப் பார்த்தாள், சொல்லே இல்லாததால் யாரும் கொடுக்காமலே அவளுக்கும் உட்கார்ந்தது. அறை முழுக்கத் தன்னானே தானானே என்று கை கொட்டியது. பிடித்துக்கொள்ள ஒரு சொல்லாவது கிடைக்குமா என்று மண் தேடிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. சும்மா இருந்துவிட்டது.

தட்டாம்பயறு கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டது: "என்ன பாட்டு இது? உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"காலிப் பானை" என்றது பாசிப்பயறு.

"காலியா இருந்தா ஏதாவது போடுங்களேம்மா."

மாடத்திதான் முதலில் போட்டாள்:

"மதினி பாட்டை எடுத்துப் போனேன் – என்
மாமியா மெச்சலையே!"

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டிய நாக்கோடு சிரித்தால் குதிரை தும்முகிற மாதிரி இருந்தது. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சுடலி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்:

"ஆட்டுக்கு வச்ச தவிட்டுக் கஞ்சிய – எங்க
அவரு குடிச்சாரே!"

"ஐயையோ, அப்புறம்? ஆடு என்ன செஞ்சுது?" என்று கேட்டபடியே தட்டாம்பயறு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பில் அதன் தோல் பட்டென்று வெடித்தது. பக்கத்தில் பாசிப்பயறு வெடித்தது. இருபத்தொரு ஓட்டிலும் பட்பட்டென்று கேட்டது. ஒன்பதாம் நாள் எல்லா ஓட்டிலும் முளை ஒரு சாண் நின்றது. மாடத்தி தன்னானேயை முந்தானையில் முடிந்தவள்போல நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அக்கரைப்பட்டிக்கு ஓடினாள்.

ஆவுடைக்கு நாக்குத் தளர்ந்தது, பேச்சும் வந்தது. ஆனால் பழைய பாட்டை எடுத்துப் பார்த்தால் எடுப்புக்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை; மாடத்தி கொண்டுபோன இரண்டாம் அடியும் யார் நாக்கிலும் இல்லை. சத்தியத்துக்குக் கூலியாக மண் எடுத்துக்கொண்டது. குளத்தில் குடத்தை நிரப்பினாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு, மாடத்தியைத் திட்டி ஒரு புது அடி கட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அதை அடுத்த கொடையில் மாடத்தியே முன்னால் நின்று பாடினாளாம்.

சிரித்து வாய் கிழிந்த பயறு அதற்கப்புறம் பேசுவதில்லை. கேட்பதோடு சரி. அன்று முதல்தான், கும்மி கொட்ட நிற்கிறவர்கள் முதலில் தன்னானே தானானே என்று காலியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யார் வேண்டுமானாலும் தன் வீட்டுச் சங்கதியைப் போடட்டும் என்று இடம் விட்டுக் காத்திருக்கிறார்கள்.