ஊளைக்கெல்லாம் ஓடிய யானைகள்

கருமலைக் காட்டில் யானைகளை எதிர்த்து நிற்க யாரும் இல்லை. அந்தக் கூட்டத்தின் தலைவி மாதங்கி. ஒரு கோடையில் அவள் செந்நாய்ப் படையை ஆற்றுக்கு அப்பால் விரட்டியடித்தாள். அன்றிலிருந்து காடே அவளைக் கொண்டாடியது.

வடக்குச் சரிவிலிருந்து கடமான்கள் வந்தன.

"தாயே, எங்களையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்!"

"சரி" என்றாள் மாதங்கி.

கிழக்குச் சதுப்பிலிருந்து காட்டெருமைகள் வந்தன.

"நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம், தாயே!"

அவற்றுக்கும் "சரி" என்றாள். தெற்குச் சோலைக் குரங்குகள் கேட்டன. அவற்றுக்கும் "சரி"தான். கேட்க இனிமையாக இருந்தது. 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எல்லையில் நடப்பதைப் பார்த்துச் சொல்ல ஆட்காட்டிக் குருவிகளை அமர்த்தினாள். ஆட்காட்டிகள் விழிப்பானவை. ஆனால் புல் அசைந்தாலும் கத்தின. காய்ந்த இலை உருண்டாலும் கத்தின.

"ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் கத்துகிறாய்?" என்று ஒருநாள் சூரன் என்ற கொம்பன் யானை கேட்டது.

"கத்தியும் ஆபத்து வராவிட்டால் யாரும் என்னைத் திட்டுவதில்லை. கத்தாமல் இருந்து ஆபத்து வந்துவிட்டால் என் தலை போய்விடுமே!" என்றது ஆட்காட்டி.



ஆற்றுக்கு அப்பால் செந்நாய்கள் மெலிந்து கிடந்தன. அவற்றின் தலைவன் செம்பட்டை. அது பழைய தோல்வியை மறக்கவில்லை.

"தலைவரே, யானைகளோடு மோதி நம்மால் ஜெயிக்க முடியுமா?" என்று ஒரு செந்நாய் கேட்டது.

"மோதச் சொன்னது யார்? அவர்களை நடக்க விடுவோம்! நமக்கு ஒரு ஊளைதான் செலவு. அவர்களுக்கு ஒரு நாள் நடை" என்றது செம்பட்டை.

இரண்டு செந்நாய்கள் வடக்கே போய் ஊளையிட்டன. ஆட்காட்டி அலறியது. யானைகள் ஓடின. அங்கே யாரும் இல்லை.

திரும்பி வருவதற்குள் தெற்கே ஊளை. யானைகள் தெற்கே ஓடின. அங்கேயும் யாரும் இல்லை. அப்புறம் கிழக்கே. அப்புறம் மறுபடியும் வடக்கே.

இப்படியே பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெயில் ஏறியது. யானைகள் குடிக்கும் மடு வற்றிச் சேறானது. மற்ற வருடங்களில் கொம்பன்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் கொடுப்பார்கள். இந்த வருடம் தோண்ட ஆள் இல்லை. எல்லோரும் எல்லையில் இருந்தார்கள். குட்டிகள் சேற்றை உறிஞ்சிவிட்டு இருமின.

ஒருநாள் சூரன் நொண்டிக்கொண்டே வந்து நின்றது. அதன் பாதம் வெடித்திருந்தது.

"அம்மா, நாங்கள் மூச்சிரைக்க வடக்கே போனோம். கடமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்துத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை!"

"தெரியும்" என்றாள் மாதங்கி.

"எருமைகளுக்கு இத்தனை பெரிய கொம்பு இருக்கிறது. சேற்றில் படுத்துக்கொண்டு, 'வந்துவிட்டீர்களா, நல்லது' என்கின்றன!"

"அதுவும் தெரியும்."

"பிறகு ஏன் அம்மா ஓடுகிறோம்?"

மாதங்கி பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் முழங்கால் வலித்தது. நல்ல தூக்கம் தூங்கி வெகு நாளாயிற்று.

"ஒரு ஊளைக்குப் போகாமல் இருந்தால், 'யானைக்குப் பயம் வந்துவிட்டது' என்று காடு பேசும். பேச்சு பரவினால் நாளைக்கு எல்லோரும் வந்து மோதுவார்கள். போ சூரா, போய் நில்."

அருகில் பூவணி நின்றாள். அவளுக்குப் பால்குடி மறக்காத குட்டி ஒன்று இருந்தது. அதன் பெயர் சின்னத்தும்பி.

"அக்கா, இரண்டு கொம்பன்களையாவது இங்கே நிறுத்துங்கள். ஊற்றும் தோண்டலாம், குட்டிகளுக்கும் காவலாக இருக்கும்" என்று பூவணி கெஞ்சினாள்.

"இங்கே யார் வரப்போகிறார்கள், பூவணி? இது யானைகளின் மடு!"

அந்த நேரம் பார்த்துக் கிழக்கே ஊளை கேட்டது. முன்பெல்லாம் ஒன்றிரண்டு குரல்தான். இன்று நாலைந்து குரல்.

"பெரும் படை! பெரும் படை!" என்று ஆட்காட்டி அலறிக்கொண்டு வந்தது.

மாதங்கி மிச்சம் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு கிழக்கே போனாள்.  கால்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

உச்சி வெயிலில் செம்பட்டை மீதிப் படையோடு மேற்கே ஆற்றைக் கடந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. அங்கே காவலும் இல்லை. நேராக மடுவுக்கே வந்தது.

பூவணி குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டாள். துதிக்கையால் அடித்தாள். காலால் உதைத்தாள். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் பாய்ந்தன. அவள் பிளிறிய பிளிறல் மலையில் மோதித் திரும்பியது. வருவதற்குத்தான் யாரும் பக்கத்தில் இல்லை.

மற்றக் குட்டிகளை அவள் காப்பாற்றிவிட்டாள். சின்னத்தும்பியைக் காப்பாற்ற முடியவில்லை.

மாதங்கி திரும்பி வந்தபோது செந்நாய்கள் போய்விட்டிருந்தன. கிழக்கே அவள் கண்டதும் வெறும் காலடித் தடங்களைத்தான். பூவணி குட்டியின் மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கே வருவதை ஏன் சொல்லவில்லை?" என்று சூரன் ஆட்காட்டியிடம் கத்தியது.

"எங்களை எல்லைக்குத்தானே அனுப்பினீர்கள்! இங்கே ஒருவரையும் வைக்கவில்லையே!" என்றது ஆட்காட்டி.

 பூவணிக்குப் பக்கத்தில் போய் மாதங்கியும் மண் அள்ளிப் போட்டாள். பூவணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மாதங்கி கடமான்களையும் எருமைகளையும் குரங்குகளையும் அழைத்தாள்.

"இனி உங்கள் எல்லையை நீங்கள்தான் காக்க வேண்டும். கொம்பு இருக்கிறது, வேகம் இருக்கிறது, மரத்தின்மேல் கண் இருக்கிறது. உங்களால் முடியாத ஆபத்து கண்ணெதிரே வந்தால் கூப்பிடுங்கள், வருகிறோம். வெறும் ஊளைக்கு வரமாட்டோம்."

"வாக்குக் கொடுத்தீர்களே!" என்று கடமான் சீறியது.

"கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்கும் நான்கு கால்தானே இருக்கிறது!"

அவை முணுமுணுத்துக்கொண்டே போயின. 'யானைக்கு வயதாகிவிட்டது' என்று ஒரு குரங்கு மரத்திலிருந்து சொன்னது. அது மாதங்கியின் காதில் விழுந்தது. 

சில நாள் கழித்துக் கிழக்கே ஊளை எழுந்தது. சூரன் காதை நிமிர்த்தியது. மாதங்கியின் முன்கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு நின்றது.

"தோண்டு" என்றாள்.

சூரன் மணலைத் தோண்டியது.

யானைகள் வராததைக் கண்டு, செந்நாய்கள் உண்மையாகவே சதுப்புக்குள் இறங்கின. எருமைகள் வேறு வழியில்லாமல் சேற்றிலிருந்து எழுந்தன. கன்றுகளை நடுவில் விட்டு, வட்டமாக நின்று, கொம்பைத் தாழ்த்தின. ஒரு செந்நாய் விலா கிழிந்து விழுந்தது. செம்பட்டை மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

இந்தச் செய்தியை ஆட்காட்டி வந்து சொன்னது. யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. குழியில் ஊற்று கசிய ஆரம்பித்திருந்தது. குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குடித்தன. பூவணி மட்டும் தள்ளி நின்றாள். மாதங்கி துதிக்கையில் நீர் மொண்டு அவளிடம் கொண்டுபோய் நீட்டினாள். வெகுநேரம் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் பூவணி குடித்தாள்.

எல்லா ஊளைக்கும் எழுந்து ஓடுகிறவன் எவ்வளவு பெரிய பலசாலியானாலும், தன் வீட்டு வாசலைக் காக்க வேண்டிய நாளில் அங்கே இருக்கமாட்டான்.