பவளம் கேட்டு வாங்கிய ஐந்து வண்டுகள்

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் பவளம் என்றொரு வெள்ளெலி இருந்தாள். அவளுடைய கொழுந்தன் மனைவி மருதாயி. இருவர் வளைக்கும் நடுவில் ஒரு காரைப்புதர்தான். ஒருத்தி வளையில் என்ன மணக்கிறது என்று மற்றவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ஒன்று மட்டும் தெரியாது. வெள்ளெலிகள் வளை தோண்டும்போது முன்வாசலோடு ஒரு திட்டிவாசலும் தோண்டும். அதன் வாயை மெல்லிய மண்ணால் மூடி வைக்கும். முன்பக்கம் பகை நுழைந்தால், அந்த மண்ணை முட்டித் திறந்துகொண்டு குட்டிகளோடு ஓடிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லமாட்டாள். கேட்பதும் மரியாதையில்லை.

ஒரு நாள் மருதாயி புது வளைக்குக் குடிபோனாள்!

உடம்பெல்லாம் செதிலும், கையெல்லாம் நகமுமாக ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, அந்தக் காட்டில் இருந்தது. அதுதான் வளையைக் கட்டிக் கொடுத்தது. சுவர் வழுவழுவென்று இருந்தது. தரையில் பொட்டு ஈரமில்லை. சுவர்ப் பொந்துகளில் மூன்று சில்வண்டுகள் உட்கார்ந்திருந்தன. "பசிக்குது" என்று மருதாயி முணுமுணுத்தால் போதும். வண்டுகள் கிரீச்சிடும். எறும்புகள் கம்புமணிகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும்.

"இப்பல்லாம் நான் வாயே திறக்கிறதில்லக்கா! எனக்குப் பசி வர்றதுக்கு முன்னாடியே வண்டுக்குத் தெரிஞ்சிடுது!" என்றாள் மருதாயி.

"நல்லாயிருடி," என்றாள் பவளம். வாய்தான் சொன்னது. வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து தன் வளையைப் பார்த்தாள். நேற்றுவரை அது வீடு. இன்று வெறும் பொந்து. சுவரில் வேர் நீட்டிக்கொண்டிருந்தது. 'எனக்குப் பின்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்தவள் அவள். அவளுக்கு வண்டு, எனக்கு வேரா?' என்று நினைத்தாள்.

மறுநாளே அழுங்கின் முன்னால் போய் நின்றாள்.

"வாம்மா! உனக்கும் வளைதானே? இலவசம்! நிபந்தனைகளைச் சொல்றேன், கேட்டுட்டுச் சரின்னு சொல்லு, போதும்," என்றது அழுங்கு. கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுவென்று ஒப்பிக்கத் தொடங்கியது. "வளையில் நடப்பது வண்டுக்குத் தெரியும். வண்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் கூட்டாளிகளுக்கும்..."

அப்போது மருதாயியின் குட்டிகள் கொழுகொழுவென்று அந்த வழியே ஓடின.

"சரி! சரி! சரி!" என்றாள் பவளம். "அதை விடுங்க. மருதாயிக்கு எத்தனை வண்டு வெச்சீங்க?"

"மூணு."

"எனக்கு அஞ்சு வேணும்!"

அழுங்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. "தாராளமா!" என்றது.

புது வளையில் பவளத்துக்குக் குறையொன்றும் இல்லை. திட்டிவாசலை மட்டும் வழக்கம்போல் அவளே ரகசியமாகத் தோண்டி மூடிவைத்தாள். ஐந்து வண்டுகளும் ஓயாமல் விசாரித்தன. எப்போது தூங்குவாய்? எந்தக் குட்டி நோஞ்சான்? எதற்குப் பயப்படுவாய்? அவளும் சொன்னாள். ஒரு நாள் பெரிய வண்டு கேட்டது.

"நீ தோண்டி வெச்சிருக்கிற திட்டிவாசல் எங்கே?"

பவளத்தின் மீசை சிலிர்த்தது. "அதெல்லாம் கேட்கக் கூடாது!"

"மருதாயி சொல்லிட்டாளே! அதனாலதான் அவளுக்குத் தானியம் ரெண்டு வாசலுக்கும் வருது."

ரெண்டு வாசலுக்குமா! பவளத்தால் தாங்க முடியவில்லை. "ஆவாரஞ்செடியின் தூருக்குக் கீழே," என்று சொல்லிவிட்டாள். சொன்ன கணம் வளை கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் தானியம் இரண்டு வாசலுக்கும் வந்தது. குளிர் மறந்துபோனது.

வெயில் நேரம் வெள்ளெலிகளுக்குத் தூக்க நேரம். ஆனால் ஒரு மத்தியானம் பவளத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மருதாயி வாசலில் கிடக்கும் கம்பு தன் கம்பைவிடப் பருமனோ என்ற நினைப்பு அரித்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். காரைப்புதர் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. பதுங்கினாள்.

அழுங்கும் சாரைப்பாம்பும் நின்றிருந்தன!

"நீங்க காட்டின கறையான் புற்று பிரமாதம் அண்ணே," என்றது அழுங்கு. "உங்களுக்கும் குறை வைக்கமாட்டேன். மருதாயி இப்போ தூங்குறா. குட்டிகள் உள்ளறையில. திட்டிவாசல் அந்தக் கள்ளியடியில. அது வழியாப் போனா ஒருத்தியும் தப்ப முடியாது."

"மூத்தவ?" என்றது சாரை.

"அவ எங்கே போகப்போறா? சாயங்காலத்துக்கு வெச்சுக்குங்க."

அப்போது தூரத்தில் வண்டுகள் கிரீச்சிட்டன. அழுங்கு காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தது.

"பவளம் வெளியே கிளம்பியிருக்காளாம். பொறாமை பிடிச்ச கழுதை! ஓரகத்தி வாசலை மோந்து பார்க்கப் போயிருப்பா. தினமும் நடக்கிறதுதான். அவ வந்துட்டுப் போகட்டும். வெயில் கொஞ்சம் தாழ்ந்தப்புறம் நீங்க போங்க."

பவளத்துக்கு உடம்பு கூசியது. புருஷனுக்குக்கூடக் காட்டாத எரிச்சல் அது. அதைப் போய் ஒரு பாம்பிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்! அதைவிடக் கூசியது இன்னொன்று. முதலில் மருதாயி வளைக்குத்தான் பாம்பு போகும் என்று கேட்டபோது, அவள் மனம் ஒரு நொடி குதித்திருந்தது.

அடுத்த நொடி அந்தக் கொழுகொழுக் குட்டிகள் நினைவுக்கு வந்தன. "பெரியம்மா" என்று காலைச் சுற்றுகிற குட்டிகள்.

பவளம் திரும்பி ஓடினாள். ஓடும்போதே யோசித்தாள். வளைக்குள் "பாம்பு" என்று மூச்சு விட்டாலும் வண்டுகள் கிரீச்சிடும். பாம்பு உடனே பாயும். என்ன சொல்லி வெளியே கூப்பிடுவது?

சட்டென்று ஒன்று தோன்றியது. 'என்னைப் பொறாமைக்காரி என்றுதானே தெரியும் அவர்களுக்கு? அதுவே இருக்கட்டும்!'

தன் வளைக்குள் தலையை நீட்டிக் கத்தினாள். "டேய் பசங்களா! சித்தியோட சண்டை போடப் போறேன், எல்லாரும் வாங்கடா வேடிக்கை பார்க்க!"

குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன. நோஞ்சான் குட்டிதான் முதலில் வந்தது.

மருதாயி வாசலில் நின்று பவளம் தொண்டை கிழியக் கத்தினாள். "அடியே மருதாயி! வெளியே வாடி! உன் பிள்ளைங்க என் கம்பைத் திருடித் தின்னுதுங்க! ஒண்ணு விடாம எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா! வாயை மோந்து பார்க்கணும்!"

"என் பிள்ளைங்களா திருடுச்சு?" உள்ளே மருதாயி துள்ளி எழுந்தாள். "வரேன்டி! எல்லாத்தையும் கூட்டிட்டே வரேன்! மோந்து பாருடி!" கோபத்தில் 'அக்கா' என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

வண்டுகள் சாவகாசமாகக் கிரீச்சிட்டன. சண்டைதான், வேறொன்றுமில்லை. புதரடியில் அழுங்கு கொட்டாவி விட்டது.

வெளியே வந்த மருதாயியின் காதைப் பிடித்து இழுத்து, பவளம் மெதுவாகச் சொன்னாள். "சாரை வருது. உன் கள்ளியடி வழியா. கத்திக்கிட்டே ஓடு!"

கள்ளியடி! அந்த ஒரு சொல்லில் மருதாயி வெலவெலத்துப்போனாள். வண்டுகளிடம் மட்டும் சொன்ன இடமல்லவா அது! பிறகு புரிந்துகொண்டாள். இருவரும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டே, குட்டிகளை முன்னால் விரட்டிக்கொண்டு, பவளத்தின் பழைய வளைக்கு ஓடினார்கள். அதன் திட்டிவாசல் எந்த வண்டுக்கும் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் சாரை கள்ளியடியில் புகுந்தது. வளை காலி. ஆவாரந்தூருக்குக் கீழே புகுந்தது. அதுவும் காலி. "ஊரையே அளந்து வெச்சிருக்கேன்னு பீத்தினியே!" என்று அழுங்கைப் பார்த்துச் சீறியது. அன்றோடு அது கறையான் புற்றுக் காட்டுவதும் நின்றது.

மறுநாள் பவளம், ஏரிக்கரை மேட்டில் நின்று அழுங்கை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அழுங்கு அசரவில்லை.

"நான் என்னம்மா ஒளிச்சேன்? எல்லாத்தையும் சொன்னேன். சரின்னது நீ. அஞ்சு வேணும்னு கேட்டதும் நீ!"

பவளம் மேட்டைவிட்டு இறங்கி வந்தாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் தங்கள் கையாலேயே வளை தோண்டினார்கள். மருதாயி களைத்து உட்கார்ந்து கேட்டாள். "அக்கா, உன் திட்டிவாசலை எந்தப் பக்கம் வைக்கப்போறே?"

பவளம் திரும்பிப் பார்த்தாள்.

மருதாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பவளம் கவனித்தாள். மருதாயியின் பக்கம் மண் கொஞ்சம் இளகலாக இருந்தது. வயிற்றில் லேசாக ஏதோ சுட்டது. அதை யாரிடமும் சொல்லாமல், தன் பக்கத்துக் கெட்டி மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.

அடுத்த வீட்டைப் பார்த்துப் பொருமி, என்ன நிபந்தனை என்று முழுதாகக் கேளாமல் "சரி" சொல்கிறவர், தம் வீட்டுத் திட்டிவாசலைத் தாமே பகைக்குக் காட்டிக் கொடுக்கிறார்.