ரோஜா பேண்டு செட் வேனை டியூன் செய்த விதம்

கோணச்சத்திரத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிற அறிவை அங்கே யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அப்படிச் சிக்கனமாக இருந்தவர்களில் முதல் வரிசை ரோஜா பேண்டு செட்காரர்கள்.

செட்டில் நாலு பேர். மாஸ்டர் அமலதாஸ் கிளாரினெட். பொன்னிருளன் ட்ரம்பெட். ஒச்சப்பன் பெரிய டிரம். டிரம்மையும் அவரையும் தூரத்திலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது. கடைசியாகத் தெய்வேந்திரன், ஜால்ரா. மாஸ்டர் எது சொன்னாலும் "அதான் சரி" என்று சொல்லும் வேலையும் அவனுக்குத்தான்.

இவர்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கொஞ்ச நாளாக அது இருமிக்கொண்டே ஓடியது. போன முகூர்த்தத்தில் நடுவழியில் நின்றுவிட்டு, தாலி கட்டி முடித்து ஜனங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் கொண்டுபோய் விட்டது. இவர்களும் வாங்கிய காசுக்குக் குறை வைக்கக் கூடாது என்று, கை கழுவுகிற இடத்தில் நின்று மாப்பிள்ளை அழைப்பை முழுசாக வாசித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அடுத்த கல்யாணம் வெள்ளிக்கிழமை, நல்லிக்கோட்டையில். பெண்ணின் அப்பா அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "இந்தத் தடவை லேட்டானா, இனிமே இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் உங்களக் கூப்பிட மாட்டோம்." அட்வான்ஸில் ஏற்கெனவே நாலு பேருக்கும் சிவப்புக் கோட்டு தைத்தாகிவிட்டது. திருப்பிக் கொடுப்பதென்றால் கோட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே புதன்கிழமை காலையில் வேனைக் காஜா பாய் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். காஜா பாய் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"டியூன் அப் பண்ணணும் மாஸ்டர். மூவாயிரத்தி ஐந்நூறு ஆகும்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பண்ணணும்னு சொன்னீங்க?" என்றார் மாஸ்டர்.

"டியூன்."

"பாய், இருபத்திரண்டு வருஷமா நான் தினமும் டியூன் பண்றேன். ஒருத்தர்கிட்டயும் ஒரு ரூபா வாங்கினதில்ல. நீங்க எனக்கே டியூனுக்கு மூவாயிரத்தி ஐந்நூறு கேக்கறீங்களே?"

"அதான் சரி," என்றான் தெய்வேந்திரன்.

காஜா பாய்க்கு அன்று லாரி ஒன்று காத்திருந்தது. "அப்ப நீங்களே பண்ணிக்கங்க. செலவு மிச்சம். நான் சொல்றத எழுதிக்கங்க," என்று சொல்லிவிட்டார். ஒச்சப்பன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். 'டயரில் காத்து இருக்கா பார்க்கணும். பெல்ட் லூஸ், இறுக்கணும். பேட்டரிக்குத் தண்ணி வைக்கணும். பிளக்கைக் கழட்டித் துடைத்து மாட்டணும். அடியில் போல்ட்டைக் கழட்டி ஆயில் மாத்தணும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு ஓட்டிப் பார்க்கணும்.'

"இவ்வளவுதானா பாய்?"

"இவ்வளவுதான். சொன்னத அப்படியே செய்யுங்க."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேன் மாஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் வேலை டயர். பொன்னிருளன் குந்தி உட்கார்ந்து டயரை நாலு பக்கமும் பார்த்தான்.

"ரப்பர்தான் தெரியுது மாஸ்டர். காத்து தெரியல."

"உள்ளே இருந்தா எப்படிடா தெரியும்? வெளிய வரச் சொல்லிப் பாரு," என்றார் மாஸ்டர்.

வால்வில் ஒரு ஆணியை வைத்து அழுத்தினான். புஸ்ஸென்று சத்தம் வந்தது. நாலு பேரும் முகத்தை நீட்டி உற்றுப் பார்த்தார்கள். சத்தம் நின்றது. டயர் தரையோடு படுத்தது.

"யாராச்சும் பார்த்தீங்களா?"

"நான் கண்ணைச் சிமிட்டிட்டேன்," என்றார் ஒச்சப்பன்.

அதனால் இரண்டாவது டயரில் பார்த்தார்கள். மூன்றாவதில் ஒச்சப்பன் இமையை விரலால் பிடித்துக்கொண்டு பார்த்தார். நாலாவதும் முடிந்த பிறகு, பின்னால் கிடந்த ஸ்டெப்னியையும் விடவில்லை. கடைசியில் மாஸ்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பாய் சந்தேகப்பட்டது சரிதான். ஒரு டயர்லயும் காத்தே இல்ல."

ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு டயர் ஊதுவது பெரிய காரியமா என்று பொன்னிருளனைக் குப்புறப் படுக்க வைத்து வால்வை வாயில் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவன் கன்னம் உப்பியது, கழுத்து உப்பியது. டயர் மட்டும் உப்பவில்லை. பிறகு தெருக்கோடி சைக்கிள் கடையில் பம்பு வாங்கி வந்து, மாற்றி மாற்றி அடித்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்து டயரையும் நிரப்பினார்கள்.

தெய்வேந்திரன் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தான். "மாஸ்டர், 'காத்து இருக்கா பார்க்கணும்'னுதான் எழுதியிருக்கு. இப்ப இருக்கு. பார்த்துடலாமா?"

ஆணியும் கையுமாக அவன் குனிந்தபோது ஒச்சப்பன் தடுத்தார். "டேய், இது நாமளே அடிச்ச காத்து. தெரிஞ்ச காத்த எதுக்குத் திரும்பப் பார்க்கணும்?"

இந்த ஒரு இடத்தில் அவர்களை அறிவாளிகள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் பெல்ட். வேலை சுலபமாக முடிந்தது. எல்லோரும் சீருடை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு ஓட்டை உள்ளே இறுக்கினார்கள். ஒச்சப்பனுக்கு மட்டும் பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணியால் புதிசாகப் போட்டார்கள். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் உட்காரவுமில்லை, மூச்சை முழுசாக விடவுமில்லை.

பேட்டரியைக் கழற்றி வேப்பமரத்து நிழலில் வைத்து, முன்னால் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்கள். மனுஷன் எதிரே நின்றால் கூச்சப்படும் என்று எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாளியில் பாதிதான் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆடு வாயை நக்கிக்கொண்டு நின்றது.

"பாவம், எவ்வளவு தாகம் பாரு," என்று பேட்டரியைத் தடவிக் கொடுத்து மறுபடி வேனில் மாட்டினார் மாஸ்டர்.

பிளக் விஷயத்தில் ஒரு விவாதம் வந்தது. எந்த பிளக் என்று காஜா பாய் சொல்லவில்லை.

"ஒண்ண விட்டுட்டு அதனால வண்டி நின்னா?" என்றான் பொன்னிருளன்.

"அதான் சரி. எல்லாத்தையும் துடைச்சிடுவோம்," என்றான் தெய்வேந்திரன்.

மிக்சி, டி.வி., பிரிட்ஜ், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினார்கள். ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்ப மாட்டினார்கள். மூன்றாவது பிளக்கில் ஒரு வெடிச்சத்தம். வீடே இருண்டது. தெய்வேந்திரன் ஓரடி உயரம் துள்ளி இறங்கினான். துள்ளலில் தாளம் தப்பவில்லை என்பதை மற்ற மூன்று பேரும் கவனித்தார்கள்.

மாஸ்டரின் மனைவி பிலோமினா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வேன ரிப்பேர் பண்றோம்."

"வேன் வாசல்ல நிக்குது. நீங்க ஏன் என் பிரிட்ஜுக்குப் பின்னால நிக்கறீங்க?"

"உனக்கு மெக்கானிசம் புரியாது பிலோமி," என்றார் மாஸ்டர் பரிவோடு.

அவள் மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஆயில் வேலை வந்தது.

"மாத்தறதுன்னா என்ன?" என்று மாஸ்டர் பாடம் கேட்பது போலக் கேட்டார்.

பொன்னிருளன் யோசித்துச் சொன்னான்: "நான் உங்க சட்டைய போட்டுக்கிட்டு, நீங்க என் சட்டைய போட்டுக்கிட்டா மாத்தறது. நான் மட்டும் கழட்டினா அது மாத்தறது இல்ல. அவுத்துப் போடறது."

"அப்ப வண்டி ஆயில் எங்கயாவது போகணும். அங்க இருக்கிற ஆயில் வண்டிக்கு வரணும். வீட்ல ஆயில் எங்க இருக்கு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்படியைப் பார்த்தார்கள்.

பிலோமினா திரும்பி வந்தபோது கடலை எண்ணெய் டின் நிறையக் கன்னங்கரேலென்று ஏதோ இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இது என்னது?"

"அது வண்டியோடது. இனிமே உன்னோடது. உன்னோடது வண்டிக்குள்ள இருக்கு. ஒரு சொட்டு வீணாக்கல," என்றார் மாஸ்டர்.

அவள் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மாஸ்டருக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூவாயிரத்தி ஐந்நூறு மிச்சமானதை நினைத்துத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிவப்புக் கோட்டோடு கிளம்பினார்கள். பாக்கி இருந்தது ஹேண்ட் பிரேக் மட்டும். 'எடுத்துட்டு ஓட்டிப் பார்க்கணும்' என்று தெளிவாக எழுதியிருந்தது. அது லேசில் வரவில்லை. ஒச்சப்பன் காலை முட்டுக்கொடுத்து, டிரம் அடிக்கிற கையால் ஒரு இழு இழுத்தார். வேரோடு வந்தது. மாஸ்டர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

வேன் கிளம்பியது! இருமல்கூட இல்லை. நாலு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. பின்னாலிருந்து புகை வந்தது உண்மைதான். ஆனால் அதில் அப்பளம் பொரிக்கிற வாசனை அடித்தது. சந்தைமேட்டில் இரண்டு பேர் கைகாட்டி வண்டியை நிறுத்தி, பஜ்ஜி என்ன விலை என்று கேட்டார்கள். ஒரு நாய் மூன்று மைல் கூடவே ஓடி வந்தது.

நல்லிக்கோட்டை ஒரு பள்ளத்தில் இருக்கிற ஊர். மேட்டின் உச்சியில், மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எஞ்சின் 'கிர்ர்ர்' என்று ஒரு தரம் பல்லைக் கடித்துவிட்டு அடங்கியது. ஆனால் வேன் நிற்கவில்லை. இறக்கத்தில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலில் நின்று பார்த்தார்கள். "அட, வண்டி என்ன பூனை மாதிரி வருது!" என்றார் ஒரு பெரியவர்.

"டியூன் அப். நாங்களே பண்ணினது!" என்று பொன்னிருளன் ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"மாஸ்டர், வேகம் ஜாஸ்தியா இருக்கே. பிரேக்க இழுங்க," என்றார் ஒச்சப்பன்.

இழுக்கத்தான் சொன்னார் என்பதால், காலடியில் இருந்த பிரேக்கை மிதிக்காமல், மாஸ்டர் மடியிலிருந்த பிரேக்கை எடுத்து நெஞ்சு வரை இழுத்தார். வேன் நிற்கவில்லை. தலைக்கு மேலே வரை இழுத்தார். அப்போதும் நிற்கவில்லை.

"நீ இழுத்துப் பாரு," என்று ஒச்சப்பனிடம் கொடுத்தார். அவர் இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுத்தார். பிரேக் நாலு பேர் கையையும் சுற்றி மாஸ்டரிடமே திரும்பி வந்து சேர்ந்தபோது, வேன் மண்டபத்துக்குப் பக்கத்தில் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணலுக்குள் மூக்கைச் சொருகி நின்றது.

யாருக்கும் கீறல்கூட இல்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இறங்கி, மணலைத் தட்டிக்கொண்டு, அன்று வாசித்தார்கள் பாருங்கள், பெண்ணின் அப்பாவே வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேனை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு காஜா பாய் பட்டறையில் விட்டார்கள். அவர் எஞ்சினைத் திறந்தார், முகர்ந்தார், ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். பத்து நாள் வேலை. முடித்துவிட்டுப் பில்லை நீட்டினார். பதினோராயிரத்தி இருநூறு.

மாஸ்டர் பில்லைப் படித்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்: "பாய், நாங்களே டியூன் அப் பண்ணினதுல எங்களுக்கு எவ்வளவு மிச்சம்?"

"மூவாயிரத்தி ஐந்நூறு. ஆனா..."

"ஒரு தடவைக்கு மூவாயிரத்தி ஐந்நூறு. நாலு தடவை பண்ணினா?"

"பதினாலாயிரம்," என்றான் பொன்னிருளன்.

"ஒரு தடவை ஆச்சு. இன்னும் மூணு தடவை பண்ணிட்டா உங்க பில்லும் அடைஞ்சிடும், எங்களுக்கும் கொஞ்சம் நிக்கும். டேய், பானெட்டத் தூக்கு. ஆணி எங்க?"

தெய்வேந்திரன் ஆணியோடு டயர் பக்கம் போனான். ஒச்சப்பன் பெல்ட்டை அவிழ்த்து இறுக்க ஆரம்பித்தார். பத்து நாளாக முதுகு ஒடிய வேலை பார்த்த காஜா பாய் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி வந்து வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"வேணாம்யா! தொடாதீங்க! மூணு தடவையும் பண்ணினதாவே வச்சுக்கறேன்!"

"நிஜமாவா?"

"அல்லா மேல ஆணையா! பண்ணியாச்சு. முடிஞ்சுது. போங்க!"

"அப்ப மொத்தம் பதினாலாயிரம். உங்க பில்லு போக ரெண்டாயிரத்தி எண்ணூறு. மீதி குடுங்க பாய், கிளம்பறோம்," என்று மாஸ்டர் கையை நீட்டினார்.

காஜா பாய் ஒரு சாக்கட்டியை எடுத்து ஷட்டரில் பதினாலாயிரம் போட்டு, பதினோராயிரத்தி இருநூறைக் கழித்தார். அழித்துவிட்டு மறுபடி கழித்தார். கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்தார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

"இப்ப கையில ரெண்டாயிரம்தான் இருக்கு மாஸ்டர்," என்றார் கடைசியில். "எண்ணூறு செவ்வாய்க்கிழமை தர்றேன்."

"பரவால்ல பாய். தெரிஞ்ச மனுஷங்களுக்குள்ள என்ன."

வேன் கிளம்பிப் போனதும் காஜா பாய் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நல்ல வேளை, நாலோட நிறுத்தினாங்க. பத்துத் தடவை பண்ணியிருந்தா பட்டறையவே எழுதிக் குடுத்திருக்கணும்."