பாதியில் எழுந்த கைதட்டல்

"அந்த மார்க்கை எடுத்துடுங்க சார்."

இதைச் சொல்லி முடிக்க ஜெனோவாவுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறவியிலேயே நரம்புக் குறைபாடு உள்ள பெண். கை நடுங்கும். ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்கித் திணறித்தான் வெளியே வரும். ஆனால் சொன்னதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

அவளுக்குப் பாடம் எடுக்கும் இளம்பரிதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முந்தைய நாள்தான் அவள் முதுகலைத் தாவரவியல் வகுப்பில் கருத்தரங்க உரை நிகழ்த்தியிருந்தாள். கடல் நீர் புகுந்துபோன தன் ஊர் வயல்களில் எந்த நெல் தாங்கும் என்று, கல்லூரித் தோட்டத்தில் தொட்டி வைத்து அவளே வளர்த்துப் பார்த்திருந்தாள். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பரிதி பதறிவிட்டான்.

"போதும்மா, பிரமாதம்!" என்று எழுந்து கைதட்டினான். வகுப்பே கைதட்டியது. இருபதுக்கு இருபது போட்டுவிட்டு, மனசு நிறைந்து வீட்டுக்குப் போனான்.

அதைத்தான் வேண்டாம் என்கிறாள்.

"ஏம்மா? முழு மார்க்காச்சே!"

"நான்... இன்னும்... ஆரம்பிக்கவே இல்ல சார்."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

பரிதி நேரே துறைத்தலைவர் உமையாளின் அறைக்குப் போனான். அவன் முனைவர் பட்ட ஆய்வு செய்வது அவரிடம்தான். ஆய்வுக்கு நடுவே அந்த வகுப்புக்குப் பாடமும் எடுத்துவந்தான்.

"நல்லது செஞ்சா இப்படித்தான் போல மேடம். முழு மார்க் போட்டேன், வேண்டாங்கறா. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

உமையாள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமை உன் ஆய்வுரை இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"நல்லா தயார் பண்ணிட்டு வா."

கேட்டதற்கு இது பதிலா என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

வியாழக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் எல்லா ஆய்வாளரும் துறையினர் முன்னால் பேசியாக வேண்டும். சதுப்பு நிலப் பாசிகளைப் பற்றி ஐந்து வருடம் சேற்றில் இறங்கி உழைத்திருந்தான். வணக்கம் சொன்னான். தலைப்பைச் சொன்னான். முதல் படம் திரையில் விழுந்தது.

உமையாள் எழுந்து கைதட்டினார்.

"போதும்ப்பா, பிரமாதம்!"

எல்லோரும் தட்டினார்கள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஒருவர் வந்து கையைக் குலுக்கி, "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க" என்றார். உமையாள் முன்பே எல்லோரிடமும் இப்படிச் செய்யச் சொல்லிவைத்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரங்கு காலியானது.

"மேடம்! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன சொல் என்று உறைத்தது. மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உமையாள் அருகில் வந்தார்.

"உனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பாத்தா பாவமா இருந்துச்சு."

"அதுக்காக? அஞ்சு வருஷ உழைப்பு மேடம்!"

"அவ எத்தனை நாள் அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தினா?"

தெரியவில்லை.

"என்ன கண்டுபிடிச்சா?"

அதுவும் தெரியவில்லை. ஒரு வருடமாக அவளுக்குப் பாடம் எடுக்கிறான். பெயர் கூப்பிடும்போதுகூட, அவள் 'உள்ளேன்' என்று வாயைத் திறப்பதற்குள் வருகையைக் குறித்துவிடுவான். அவள் பேசி முடித்த ஒரு பேச்சைக்கூட அவன் கேட்டதில்லை.

"மத்த பிள்ளைங்க சிரிச்சுடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு மேடம்."

"யாருக்கு?"

அவன் தலை நிமிரவில்லை.

"எனக்கு."

"உன் உரை திங்கட்கிழமை. எல்லாரும் மறுபடி வருவாங்க. நாளைக்கு மத்தியானம் முழுக்க அவளுக்கு."

மறுநாள் ஜெனோவா பேசினாள். யாரோ செருமினார்கள். பரிதி எழவில்லை. மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. உமையாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உப்புத் தண்ணீரில் புது ரக நெல் கருகிவிட்டது, பழைய ரக நெல் தாங்கிவிட்டது என்று அவள் முடித்தாள்.

பரிதிக்கு அவள் சோதனையில் ஒரு ஓட்டை தெரிந்தது. திரும்பி உமையாளைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனோவா, புது நெல் தொட்டியெல்லாம் எங்க வச்சிருந்த?"

"சுவரோரம்... சார். வெயில்ல."

"பழைய நெல்?"

"வேப்ப... மரத்தடில."

"அப்ப கருகினது உப்பாலயா, வெயிலாலயா?"

வகுப்பு திடுக்கிட்டுப்போனது. அவளிடம் போய் இப்படிக் கேட்கிறாரே என்று முன்வரிசைப் பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனோவாவின் கை முன்னைவிட அதிகமாக நடுங்கியது. 'பரவாயில்லம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பரிதி அதை விழுங்கினான்.

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"தெரியல... சார். அத நான்... பாக்கல. மறுபடி... வளர்த்துத்தான்... பாக்கணும்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அவள் போய் உட்கார்ந்து, தொட்டிகளை எங்கே மாற்றி வைக்கலாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் பரிதி உமையாளிடம் வந்தான்.

"பதினாலு போட்டிருக்கேன் மேடம்."

"சரி."

"அவகிட்டயும் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பா போறா. இருபத வேண்டாம்னவ, பதினாலுக்குச் சிரிக்கறா."

உமையாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இருபது நீ போட்டது, பரிதி. பதினாலு அவ எடுத்தது."