கன்னியப்பன் ரப்பரால் அழித்த மலை

வரைபடமும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஜவ்வாது மலைக்கு வந்து மாட்டிக்கொண்டாள் நர்ஸ் பூங்காவனம். கூடப் படிக்க வந்தவர் வாணியம்பாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இம்தியாஸ். வாத்தியார், பட்டாளத்தில் ஓய்வு பெற்ற கன்னியப்பன்.

நாலு மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டால் பூங்காவனம் ஏழு மணி டூட்டிக்குப் போய்ச் சேர முடியாது; பகல் நர்ஸ் கைக்குழந்தைக்காரி, வீட்டுக்குப் போக முடியாமல் தவிப்பாள். இப்போது மணி ஒன்றரை. மூவரும் ஒரே பாறைக்கு மூன்றாவது தடவையாக வந்து நின்றார்கள்.

“வழி தப்பிட்டோமா சார்?” என்றார் இம்தியாஸ்.

“நானா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் வழி தப்பினதே கிடையாது பாய். ராஜஸ்தான்ல ஒரு தடவை ஊர்தான் தப்பிப் போச்சு. நான் சரியான இடத்துல போய் நின்னுட்டேன், ஊரைக் காணோம். நாலாம் நாள் காலையில மெதுவா வந்து சேர்ந்துச்சு. கோயில் முன்னாடி, வீடெல்லாம் பின்னாடி.”

“கிணறும் வந்துச்சா சார்?” என்றாள் பூங்காவனம்.

“ஒரு சொட்டு சிந்தாம வந்துச்சும்மா.”

அவளுடைய பாட்டிலில் அரை டம்ளர் தண்ணீர்தான் மிச்சம். கதை கேட்டால் வேலைக்காகாது என்று வரைபடத்தை விரித்தாள். “இந்த வளைஞ்ச கோடெல்லாம் என்ன சார்?”

“மலையோட உயரம். நெருக்கமா இருந்தா செங்குத்து. அந்தக் கோடுகளை லேசா நினைக்காதீங்க. காஷ்மீர்ல எதிர்ல ஒரு மலை, நாப்பது பேராலயும் ஏற முடியலை. ரப்பரை எடுத்து வரைபடத்துல அதோட கோட்டை அழிச்சேன். மலை படுத்துருச்சு, நடந்து போயிட்டோம். மறுநாள் ஊர்க்காரங்க வந்து, ஆடு மேய்க்க இடமில்லை, மலையைக் குடுங்கன்னாங்க. பென்சிலால திரும்பப் போட்டுக் குடுத்தேன். கை கொஞ்சம் ஆடிருச்சு. இன்னிக்கும் அதுக்கு ரெண்டு உச்சி.”

“பேனாவுல போட்டிருக்கலாமே?”

“மழை பெய்ஞ்சா மலை கரைஞ்சிரும் பாய்.”

பூங்காவனம் அவர் கழுத்தில் தொங்கிய காம்பஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளும் கூடவே திரும்பியது.

“முள் உங்களையே பார்க்குதே சார்?”

“இருபது வருஷப் பழக்கம். என்மேல மரியாதை. வடக்கு எங்க போயிடப்போவுது, அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கும்.”

அவர் இடுப்பில் செருகியிருந்த கைக்கோடாலி அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. இரும்பு.

“அதை அந்த மரத்தடியில வச்சுட்டு வாங்க சார்.”

“பட்டாளத்துக்காரன் ஆயுதத்தைக் கீழ வைக்கமாட்டான்,” என்றவர், தொண்டை வறண்டு மேலே வாதாட முடியாமல் வைத்துவிட்டு வந்தார்.

முள் ஒரு ஆட்டம் ஆடி, வேறு திசையில் போய் நின்றது. வரைபடத்தைத் தரையில் வைத்து, அவரிடமிருந்து காம்பஸை வாங்கி அதன்மேல் வைத்து, படத்தின் வடக்குக் கோடு முள்ளோடு ஒட்டும்வரை திருப்பினாள். கிழக்கே ஒரு ஓடை, அதைத் தாண்டினால் ரோடு. அவளே முன்னால் நடந்தாள். படத்தில் இருந்த இடத்திலேயே ஓடை சலசலத்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கன்னியப்பன் கோடாலியோடு இருபதடி பின்னால், பேச்சில்லாமல் வந்தார்.

ரோட்டோர டீக்கடையில் ஒரு வாய் டீ உள்ளே போனதும் குரல் திரும்பிவிட்டது. “முள்ளு காதுல நான்தான் ரகசியமா சொன்னேன், இன்னிக்கு இந்தம்மா சொல்றபடி கேளுன்னு.”

“சரிங்க சார். பஸ் எந்தப் பக்கத்துலேருந்து வரும்?”

கன்னியப்பன் யோசிக்கவேயில்லை. கம்பீரமாக இடது பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்குவதற்குள் வலது பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது.

இம்தியாஸ் அவரைப் பார்த்தார். கன்னியப்பன் கையை இறக்கவில்லை. “நான் சொன்ன பக்கம்தான் பாய். உலகம் உருண்டை இல்லையா, சுத்திக்கிட்டு வரான்.”

பூங்காவனம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அதான் பத்து நிமிஷம் லேட்டு,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.